கட்டைக்கு வைத்த பொட்டு

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதையும் அளவாக வாங்கத் தெரியாது. கல்யாணத்துக்கு முந்நூறு பேர் வருவார்கள் என்றால் ஐந்நூறு பேருக்கு உலை வைப்போம். பள்ளிக்கூடச் சீருடை தைக்கப் போனால், பிள்ளை அடுத்த வருஷமும் போடட்டும் என்று ஒரு சைஸ் தள்ளித் தைப்போம். வீடு கட்டினால் இன்ஜினியர் சொன்ன கம்பிக்கு மேல் இன்னும் ஒரு கம்பி. தோட்டத்தில் போர் போட்டால், ஐந்து எச்.பி. மோட்டார் போதும் என்று கடைக்காரரே சொன்னாலும் ஏழரைதான் உள்ளே இறங்கும். ஏன் என்று கேட்டால், "எதுக்கும் ஒரு சைஸ் பெருசாவே இருக்கட்டுங்க" என்பார்கள். இந்த 'எதுக்கும்' என்ற சொல்லைக் கேட்டாலே நான் இப்போது கையை இழுத்துக்கொள்கிறேன்.

நான் மெக்கானிக்கல் படித்தவள். கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. பம்புக்கும் நூற்பாலை மெசின்களுக்கும் வேண்டிய பாகங்கள் செய்து கொடுக்கிறோம். மெசின்கள் என் கணவரின் பொறுப்பு. டிராயிங், ஆர்டர், பார்ட்டிகளோடு மல்லுக்கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. ஆரம்பத்திலிருந்து எங்களோடு ஓர் ஆபரேட்டர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர், என்னை அம்மணி என்று கூப்பிடுவார்.

என் கணவரை நான் 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்துப் பெண்டாட்டிமார் பலரும் இன்னும் அப்படித்தான். பேர் சொல்லிக் கூப்பிடுவதை யாரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. ஆனால் நாக்கு அந்தப் பக்கம் போகாது. என் மகள் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்வாள். நான் 'ஏனுங்க' என்றால் அவர் "ம்" என்பார், திரும்பமாட்டார். மறுபடி கூப்பிட்டால் "இரு புள்ள" என்பார், அப்போதும் திரும்பமாட்டார். கையில் வேலை இருந்தால் அந்த மனுஷன் காதைக் கழற்றி வைத்துவிடுவார்.

அந்தக் கைகளின் மேல் எனக்குக் கர்வம் உண்டு, சொல்லிவிடுகிறேன். வெட்டி முடித்த பாகத்தின் மேல் விரல் நுனியை ஓட்டிப் பார்த்தே, எங்கே கொஞ்சம் சொரசொரப்பு என்று சொல்லிவிடுவார். மகள் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அவளுக்குச் சடை பின்னிவிட்டது அவர்தான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் பின்னினால் அவள் அழுதுகொண்டுதான் போவாள்.

மூடிப்போன ஒரு நூற்பாலையின் ஒர்க் ஷாப்பில் இரும்பைச் செதுக்கும் பழைய மில்லிங் மெசின்கள் இரண்டு விலைக்கு வந்தன. கூடப்பிறந்தவை என்று சொல்லும்படி இரண்டும் ஒரே மாதிரி. ஒன்றை நாங்கள் வாங்கினோம். மற்றதைப் பீளமேட்டில் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த குடும்பம் ஒன்று வாங்கியது. கையால் சக்கரம் சுற்றி ஓட்டுகிற மெசின், ஆனால் இரும்பு நல்ல இரும்பு. அதைக் கம்ப்யூட்டரில் ஓடும்படி மாற்றிவிட வேண்டும் என்பது கணவரின் நெடுநாள் ஆசை. புது சிஎன்சி மெசின் வாங்க முடியாத எங்களைப் போன்றவர்கள் செய்கிற வேலைதான் அது. கைச்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, நீளவாட்டம், குறுக்குவாட்டம், மேல்கீழ் என்று மூன்று அசைவுக்கும் கம்ப்யூட்டர் சொன்ன இடத்தில் சுற்றி நிற்கும் செர்வோ மோட்டார் மூன்று மாட்ட வேண்டும். எந்த அசைவுக்கு எந்த மோட்டார் என்று கணக்குப் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் இரண்டும் எளிது, ஏனென்றால் டேபிள் கிடைமட்டமாக நகர்கிறது. மோட்டாரை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். மூன்றாவதுதான் சங்கடம். கட்டரைப் பிடித்துக்கொண்டு டேபிளுக்கு மேலே நிற்கும் பெரிய இரும்புத் தலையை நாங்கள் ஹெட் என்போம். இரண்டு ஆள் சேர்ந்து தூக்கினாலும் அசையாத கனம். பழைய மெசினில் அதைத் தாங்க இரண்டு ஏற்பாடு இருந்தது. ஒன்று, உள்ளே சங்கிலியில் தொங்கிய எதிர் எடைக்கல். இன்னொன்று, பழைய காலத்து முரட்டுத் திருகு. ஹெட்டை எந்த இடத்தில் விட்டாலும் அந்தத் திருகு அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்கும்.

மாற்றும்போது இரண்டையும் எடுத்துவிட்டோம். சங்கிலி தேய்ந்திருந்தது, வேகமாக ஓட்டினால் எடைக்கல் ஆடும். முரட்டுத் திருகுக்குப் பதிலாகப் பால் ஸ்குரூ வந்தது. உள்ளே சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள் உருள்வதால் உராய்வே இல்லாமல் வழவழவென்று சுற்றும். அதுதான் அதன் பெருமை, அதுதான் ஆபத்தும். மோட்டார் ஸ்குரூவைச் சுற்றினால் ஹெட் இறங்கும். கரண்ட் இல்லையென்றால் ஹெட் தன் கனத்தில் இறங்கி ஸ்குரூவையும் மோட்டாரையும் சேர்த்துச் சுற்றும்.

ஹெட்டின் எடை, ஸ்குரூ ஒரு சுற்று சுற்றினால் ஹெட் எவ்வளவு நகரும், சும்மா தாங்கி நிற்க எவ்வளவு விசை, சட்டென்று மேலே கிளம்ப எவ்வளவு விசை என்று எல்லாம் போட்டுப் பார்த்தேன். நடுத்தர மோட்டார் ஒன்றே தாராளமாகப் போதும் என்று வந்தது. ஆனால் பிரேக் வைத்த மோட்டாராக இருக்க வேண்டும். கரண்ட் போன நொடியில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மோட்டாரின் தண்டைக் கவ்விக்கொள்ளும். அதைத்தான் கணவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன், மோட்டார் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, பிரேக் இருக்க வேண்டும் என்று.

சாமான் வாங்கித் தரும் பொறுப்பை என் அண்ணன் ஏற்றுக்கொண்டார். அவருக்குக் கொடுமுடியில் போர் மோட்டார் வியாபாரம். மோட்டார் விற்பவர்கள் எல்லோரும் அவருக்குத் தெரிந்தவர்கள். தங்கை என்றால் உயிரைக் கொடுப்பார். ஒரு நாள் காரின் பின்சீட்டில் அட்டைப் பெட்டிகளோடு முகம் பூரிக்க வந்து இறங்கினார்.

"கண்ணு, நீ கேட்ட மோட்டாருக்கு இன்னும் ரொம்ப நாளாகுமாம். அதுக்குப் பதிலா ஒரு சைஸ் பெருசு, ஜோடியா கெடச்சுது. ஒண்ணு உனக்கு, ஒண்ணு பீளமேட்டுக்காரங்களுக்கு."

பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். "இதுல பிரேக் இல்லீங்களேண்ணா."

"பிரேக் எதுக்குங் கண்ணு? அதான் ஒரு சைஸ் பெருசாச்சே. அதே புடிச்சுக்கும்."

"கரண்ட் இருந்தாத்தானுங்ண்ணா புடிக்கும்? கரண்ட் போயிருச்சுன்னா எத்தன பெரிய மோட்டாரும் வெறும் இரும்புதான்."

"நானும் இத்தன வருசமா போர்ல மோட்டார் எறக்கறேன். ஒண்ணாவது தானா கீழ போயிருக்குதா?"

"அது பைப்புல தொங்குது. இது எதுல தொங்குது?"

அண்ணன் கணவரைப் பார்த்துச் சிரித்தார். கணவரும் சிரித்தார். படித்த பெண்பிள்ளை என்றால் கொஞ்சம் பயம் ஜாஸ்தி இருக்கத்தான் செய்யும் என்கிற சிரிப்பு. "வந்தது வந்துபோச்சு, மாட்டிப் பாப்போம். பிரேக் வெச்சது வந்தா அப்பறமா மாத்திக்கலாம்," என்றார் கணவர். அந்த 'அப்பறமா' இருக்கிறதே, அது 'எதுக்கும்' உடைய தங்கச்சி.

மெசின் ஓட ஆரம்பிக்கிற நாளில் பூஜை போட்டோம். வெள்ளிக்கிழமை, நல்ல நேரம். புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போமே, அதுபோல டேபிளின் மேல் ஒரு பழத்தை வைத்தார் ஆபரேட்டர். சாப்பிட்டுவிட்டு வந்து ஹெட்டை இறக்கி நசுக்குவதாக ஏற்பாடு. மெயினை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே இலை போட்டு உட்கார்ந்தோம். சாப்பிட்டுத் திரும்பி வந்தபோது ஹெட் கீழே இருந்தது. பழம் தட்டையாகிச் சாறு டேபிளின் பள்ளத்தில் வழிந்திருந்தது. மெசினை யாரும் தொட்டிருக்கவில்லை.

நான் மெயினைப் போய்ப் பார்த்தேன், அணைந்தே இருந்தது. ஆனால் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "பாருங்க மாப்ள, மெசினே பழத்த வாங்கிக்கிச்சு! இதவிட நல்ல சகுனம் வேணுமா?" ஆபரேட்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சகுனமுமில்ல, ஒண்ணுமில்ல. மெயின அணைச்சோம், ஹெட்டு தானா எறங்கிருக்குது. பழம் இருந்த எடத்துல கை இருந்திருந்தா?" என்றேன்.

"நல்ல நேரத்துல வாயில என்ன வார்த்த வருது பாரு," என்று கணவர் முகத்தைச் சுளித்தார். அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை.

பேசாவிட்டால் போகிறது என்று நான் மரக்கடைக்குப் போனேன். நல்ல வேப்பங்கட்டையாகப் பார்த்து, தொடை உயரத்துக்கு அறுத்து வாங்கி வந்தேன். வேலை முடிந்ததும் கட்டையை டேபிளின் மேல் நிறுத்தி, ஹெட்டை அதன் மேல் இறக்கி உட்கார வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மெயினை அணைக்க வேண்டும். கட்டை இல்லாமல் ஹெட்டுக்கு அடியில் யாரும் கை நீட்டக் கூடாது. இதைச் சொல்லி ஒரு சண்டையே போட்டேன். ஆபரேட்டர் அதற்கு 'அம்மணியோட முட்டுக்கட்டை' என்று பேர் வைத்தார். நான் கட்டிலில் படுக்கும்போதுகூடப் பக்கத்தில் ஒரு கட்டையை நிறுத்திக்கொள்வதாகக் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும், கட்டை இருந்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

மெசின் அருமையாக ஓடியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு நாள் நடுவேலையில் கரண்ட் போனது. பட்டறை முழுக்க நிசப்தம். அந்த நிசப்தத்தில் ஹெட் மெல்ல இறங்கி, பிடித்திருந்த பாகத்தில் கட்டரை ஊன்றி, 'டிக்' என்று கட்டர் முறிந்தது. அவ்வளவுதான் சத்தம். கணவர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். இல்லாவிட்டால் பாகத்தைத் தடவிப் பார்க்கும் கை அங்கேதான் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவரும் கொஞ்சம் யோசித்தார். ஹெட் ஏறி இறங்கும் பாதையின் பக்கவாட்டில் ஒரு இறுக்குப் பட்டை உண்டு. அதை நன்றாக முடுக்கிவிட்டார். பழைய எண்ணெயும் பிசுக்கும் சேர்ந்து ஹெட் அப்படியே நின்றது. "பாத்தியா, இப்ப நிக்குதல்ல?" என்றார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஹெட்டைக் கட்டையின் மேல் உட்கார வைக்காமல், நடுவில் ஒரு விரல் போகும் அளவுக்கு இடைவெளி விட்டு மெயினை அணைக்கச் செய்தேன். திங்கட்கிழமை காலையில் அந்த இடைவெளி இல்லை. விரல் நுழையாததைக் காட்டலாம் என்று அவரைக் கூப்பிட்டேன். "ம்" என்றார்.

பீளமேட்டுப் பட்டறைக்காரரின் மனைவி எனக்கு நல்ல பழக்கம். பட்டறைக்குப் பக்கத்திலேயே வீடு, மாமனாரோடு கூட்டுக்குடும்பம், அவரை மாமா என்பாள். அடக்கமான பெண், கோபத்தில்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். அவளுக்குப் போன் செய்து கட்டை விஷயத்தைச் சொன்னேன். சில நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "மாமாகிட்டச் சொன்னனுங்க. நம்ம மெசின் அசையாம நிக்குது, வீணா எதுக்குப் பயப்படறேங்கறாருங்க." அவர்களும் பக்கவாட்டுப் பட்டையை முடுக்கித்தான் வைத்திருந்தார்கள். இரட்டை மெசின்களுக்கு இரட்டை வைத்தியம்.

பிரேக் மோட்டார் எப்போது வரும் என்று அண்ணனை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். "சொல்லிவெச்சிருக்கேன் கண்ணு, வந்துரும்" என்றார். அப்படியே ஆயுத பூஜை வந்துவிட்டது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் பட்டறைகளில் வேலை கிடையாது, ஆனால் அன்றுதான் எல்லோருக்கும் இடுப்பு ஒடியும். வருஷம் முழுக்க ஏறிய பிசுக்கை டீசல் போட்டுக் கழுவுவார்கள். ஆபரேட்டருக்கு இந்த மெசின் மேல் தனிப் பிரியம். இறுக்குப் பட்டையைத் தளர்த்தி, உள்ளே இருந்த பழைய பிசுக்கை எல்லாம் வழித்தெடுத்து, புது எண்ணெய் விட்டு, இதமாக முடுக்கி வைத்தார். சாமியைக் குளிப்பாட்டுவது போலச் செய்திருக்கிறார். நான் வீட்டில் சுண்டலுக்குக் கடலை ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும்.

மறுநாள் நான் சுண்டல் பாத்திரத்தையும் பொரிப் பையையும் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தபோது நல்ல நேரம் தொடங்கிவிட்டது. வாசலில் மாவிலை, கலர் காகிதத் தோரணம். மெசின்களுக்கெல்லாம் மாலை. சாமி படத்துக்கு முன்னால் பலகை போட்டு, ஸ்பேனர், சுத்தியல், வெர்னியர், மைக்ரோமீட்டர் என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது என்பது வழக்கம். வரிசையின் கடைசியில் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, ஒரு துண்டு மல்லிகைச் சரம் சுற்றி ஏதோ ஒன்று நின்றது. என்னவென்று எனக்கு உடனே பிடிபடவில்லை.

"அம்மணி, பாத்தீங்களா? உங்க கட்டைக்கும் பொட்டு வெச்சுபோட்டேன்," என்றார் ஆபரேட்டர். "வருசம் பூராத் தாங்குனது அதுதானுங்களே. அதையும் கும்புட வேண்டாங்களா?"

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இத்தனை நாள் கேலி செய்த மனுஷன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. கட்டை இங்கே இருக்கிறது என்றால் அங்கே ஹெட்டைத் தாங்குவது எது?

திரும்பிப் பார்த்தேன். கட்டையை உருவுவதற்காகவும் அலங்காரத்துக்காகவும் ஹெட்டை உச்சிக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கழுத்தில் சாமந்தி மாலை. பேனலில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் ஒன்றுதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. கீழே டேபிளில் பித்தளைக் கிண்ணத்தில் சந்தனம். கணவர் குனிந்து, வலது கையை உள்ளே நீட்டி, பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் மேல் மூன்று விரலால் சந்தனப் பட்டை இழுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பட்டறையில் கற்பூரம் காட்டுவதற்கு முன்னால் மெயினை அணைப்பது வழக்கம். மெசின்களுக்கும் அன்று ஒரு நாள் ஓய்வு. மெசினை அணைத்துவிட்டால் பயமில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் சின்ன வயதிலிருந்து பழகியிருக்கிறோம். கை நீட்டுவதென்றால் முதலில் மெயினை அணை என்றுதான் எங்கேயும் சொல்லிக்கொடுப்பார்கள். அன்று மெயினை அணைக்கும் மரியாதையைக் கணவர் என் அண்ணனுக்குக் கொடுத்திருந்தார். அண்ணன் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மெயின் கைப்பிடியின் மேல் கை வைத்து, பக்தியாகக் கண்ணை மூடி நின்றார்.

"அண்ணா, அணைக்காதீங்க!" என்றேன். ஆபரேட்டர் மணியை அடிக்கத் தொடங்கிவிட்டார். பக்கத்துப் பட்டறையில் சரவெடி வேறு. என் குரல் எனக்கே கேட்கவில்லை. "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்தினேன். கணவரின் உதடு அசைந்தது. 'இரு புள்ள' என்றுதான் சொல்லியிருப்பார். அவர் திரும்பவில்லை. அண்ணனின் முழங்கை கீழே இறங்க ஆரம்பித்தது. இரண்டு பேரிடமும் ஓடிப்போய்ச் சேர முடியாத தூரத்தில் நான் நின்றேன்.

அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வெறும் பெயர். 'ங்க' இல்லை, ஒன்றும் இல்லை. அவர் அம்மா கோபத்தில் கூப்பிடுவது போல, தொண்டை கிழிய.

அவர் திரும்பினார். தலை மட்டும் திரும்பவில்லை, உடம்போடு திரும்பி நிமிர்ந்தார். உடம்போடு கையும் வெளியே வந்தது. முகத்தில் ஆச்சரியமும் கோபமும் சேர்ந்து, யாரைப் பார்த்து என்ன வார்த்தை சொன்னாய் என்பது போல என்னைப் பார்த்தார். மெயின் 'டக்' என்று விழுந்தது. பச்சை விளக்கு அணைந்தது.

ஹெட் விழவில்லை, இறங்கியது. முதலில் நிதானமாக, பிறகு வேகம் பிடித்து, சத்தமே இல்லாமல். கரண்ட் இல்லாத பெரிய மோட்டார், தடுக்க முடியாமல் தானும் சேர்ந்து வெறுமனே சுற்றியது. பித்தளைக் கிண்ணம் காகிதம் போல மடிந்து, சந்தனம் இரண்டு பக்கமும் பீச்சியடித்தது. கணவரின் சட்டையில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. கை இருந்த இடத்தில் சாமந்திப் பூ நசுங்கிக் கிடந்தது.

மணி நின்றது. "திருஷ்டி கழிஞ்சுதுங்க," என்றார் ஆபரேட்டர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "திருஷ்டியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல! கனம்! கனம்னு எத்தன தடவ சொன்னேன்!" என்று கத்திவிட்டு அழுதேன். கணவர் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, டேபிளையே பார்த்தபடி நின்றார். அப்போது மெயின் பக்கத்திலிருந்து அண்ணன் பேசினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"கண்ணு, பீளமேட்டுலயும் இந்நேரம்தான் பூஜ."

ஒரே பஞ்சாங்கம், ஒரே நல்ல நேரம். ஊர் முழுக்க இந்நேரம் மெயினை அணைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களும் நேற்று மெசினைக் கழுவியிருப்பார்கள், எண்ணெய் விட்டிருப்பார்கள். அண்ணன் அந்தப் பட்டறைக்காரரைப் போனில் கூப்பிட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நான் அவர் மனைவியைக் கூப்பிட்டேன். எடுத்தாள்.

"சொல்லுங்கக்கா, பூஜை ஆகிட்டிருக்குதுங்க."

"மெயின அணைச்சுட்டாங்களா?"

"இல்லீங்க, இனிமேத்தான். மாமா மெயின்கிட்டத்தான் நிக்கறாருங்க."

"அணைக்க வேண்டாம்னு சொல்லு. உன் வீட்டுக்காரரு எங்க இருக்காரு?"

"மெசினுக்குப் பொட்டு வெச்சுட்டிருக்காருங்க."

"கைய எடுக்கச் சொல்லு. ஹெட்டு எறங்கிரும். இங்க இப்பத்தான் எறங்குச்சு. கத்து, இப்பவே கத்து!"

"மணி அடிக்கறாங்கக்கா, கேக்காதுங்க."

"பேரச் சொல்லிக் கத்து! நான் அப்படித்தான் கூப்புட்டேன், அதுக்குத்தான் திரும்புனாரு. பேரச் சொல்லு!"

"மாமா நிக்கறாருங்கக்கா," என்றாள். அவ்வளவு மெல்லச் சொன்னாள். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவள் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. "ஏனுங்க!" என்றாள். "ஏனுங்க! கைய எடுங்க! ஏனுங்க!" பாவம், அவளால் முடிந்த சத்தத்தில்தான் கூப்பிட்டாள். அந்த மணிச் சத்தத்தில் அவர் தினமும் கேட்கிற எத்தனையோ 'ஏனுங்க'வில் அதுவும் ஒன்றாகப் போயிற்று. பிறகு மணி நின்றது. முதலில் கத்தியது அவள் கணவர் இல்லை, அவர் அப்பா.

வலது கையில் மூன்று விரல்கள் போயின. பொட்டு வைக்கும் விரல்கள்.

நானும் கணவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தோம். பீளமேட்டுக்காரர் கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வந்தவர்கள் யாரையும் பார்க்கவில்லை என்றார்கள். கால்மாட்டில் நாற்காலியில் அவர் அப்பா உட்கார்ந்திருந்தார். நாங்கள் வந்திருப்பதைப் படுத்திருந்தவரிடம் சொல்ல அந்தப் பெண் கட்டிலருகே போனாள். மாமனார் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. தன் கணவரின் பெயரைச் சொல்லி, மெல்லக் கூப்பிட்டாள்.

அவர் உடனே திரும்பினார்.